பிப்ரவரிக் கணக்கும் மே மாத ஆறும்

பெப்சி, மிரிண்டா, மவுண்டன் டியூ, ஸ்டிங் ஆகியவற்றை இந்தியாவின் பெரும்பகுதியில் பாட்டிலில் அடைத்து விற்பது வருண் பெவரேஜஸ் என்ற நிறுவனம். 2024ஆம் ஆண்டில் அது ஈட்டிய நிகர வருவாய் 20,008 கோடி ரூபாய். வரி போக நின்ற லாபம் 2,634 கோடி. இரண்டுமே முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய கால் பங்கு கூடுதல். இன்னும் ஐந்தாண்டு பின்னால் போனால் வளர்ச்சியின் வேகம் புரியும். 2019இல் வருவாய் 7,130 கோடி, லாபம் 472 கோடி. விற்பனை மூன்று மடங்கை நெருங்கியிருக்கிறது. லாபமோ ஐந்தரை மடங்கு ஆகிவிட்டது.

தமிழ்நாட்டுக்கும் இந்தக் கணக்குக்கும் நேரடித் தொடர்பு ஏற்பட்டது 2019இல்தான். அந்த ஆண்டு மே மாதம், தெற்கிலும் மேற்கிலும் உள்ள 7 மாநிலங்களிலும் 5 ஒன்றியப் பகுதிகளிலும் பெப்சி பானங்களைத் தயாரித்து விற்கும் உரிமையைப் பெப்சிகோவிடமிருந்து வருண் வாங்கியது. நம் ஊர்ப் பெட்டிக்கடையில் விற்கும் பெப்சி அன்று முதல் குருகிராமில் இருக்கும் இந்த நிறுவனத்தின் கணக்கில் சேர்கிறது. ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும் கணக்காண்டு அதனுடையது. ஆண்டு முடிவுகள் பிப்ரவரியில் வெளிவரும். பங்குச்சந்தை ஆய்வாளர்கள் வரிவரியாக அலசுவார்கள். எத்தனை கோடிப் பெட்டி விற்றது, பெட்டிக்கு எவ்வளவு கிடைத்தது, எந்த நாட்டில் புது ஆலை என்றெல்லாம் கேள்விகள் போகும். எந்த ஆற்றில், எந்த மாதத்தில், எவ்வளவு நீர் எடுத்தீர்கள் என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. திருநெல்வேலியில் இருந்துகொண்டு இந்த அறிக்கைகளைப் படிக்கும் எனக்கு முதலில் எழும் கேள்வி அதுதான். அதற்குக் காரணம் கங்கைகொண்டான்.

நெல்லையிலிருந்து மதுரை போகும் நான்குவழிச் சாலையில், தாழையூத்தைத் தாண்டி வரும் ஊர் கங்கைகொண்டான். முதலாம் இராசேந்திரனின் பட்டப்பெயரைத் தாங்கிய இந்த ஊரின் பக்கமாகச் சிற்றாறு ஓடுகிறது. ஆனால் ஆற்றுப்பாசனத்தின் செழிப்பு இங்கே இல்லை. குளத்தையும் வானத்தையும் நம்பிய மானாவாரி நிலமே அதிகம். 2013இல் புள்ளிமான்களுக்கென்று 288 எக்டேரில் ஒரு சரணாலயம் அறிவிக்கப்பட்டதும் இந்த ஊரில்தான். அதன் அருகே சிப்காட் தொழிற்பூங்கா. ஏ.டி.சி. டயர் ஆலை அங்கே பல ஆண்டுகளாக இயங்குகிறது. டாடா பவர் நிறுவனத்தின் சூரிய மின்தகட்டு ஆலையை முதலமைச்சர் 2025 பிப்ரவரியில் திறந்து வைத்தார். இந்தப் பூங்காவுக்குள்தான் கோக்கோ கோலாவின் உரிமம் பெற்ற சவுத் இந்தியா பாட்டிலிங் கம்பெனி 2006 வாக்கில் உற்பத்தியைத் தொடங்கியது. பத்தாண்டு கழித்துப் பெப்சி பானங்களுக்கான ஓர் ஆலைக்கும் இங்கே இடம் ஒதுக்கப்பட்டது. நீர் வறண்ட நிலத்தில் நீரையே மூலப்பொருளாகக் கொண்ட ஆலைகள் வந்ததற்குக் காரணம், தாமிரபரணியில் எடுத்த நீரைக் குழாய் வழியாகச் சிப்காட் கொண்டுவந்து கொடுப்பதுதான்.

கோக் ஆலை வருவதற்கு முன்பே, 2005இல், நெல்லையில் எதிர்ப்பு கிளம்பிவிட்டது. அது அடங்கி, ஆலையும் ஓடத் தொடங்கி, பத்தாண்டு கழிந்து மீண்டும் மூண்டது 2016இல். அந்த ஆண்டு நவம்பர் 8 அன்று வருண் பெவரேஜஸ் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டது. அதே மாதம் 21ஆம் தேதி, பொதுநல மனு ஒன்றின்மேல், கங்கைகொண்டான் குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணி நீர் வழங்கச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. அப்போது வடகிழக்குப் பருவமழை பொய்த்துக்கொண்டிருந்தது. 140 ஆண்டுகளில் காணாத வறட்சி என்றார்கள். 2017 ஜனவரி 10 அன்று மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. அதே மாதம் ஜல்லிக்கட்டுப் போராட்டம். அந்தக் கொதிப்பின் தொடர்ச்சியாக, மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்கமாட்டோம் என்று வணிகர் அமைப்புகள் அறிவித்தன. மறுநாள், மார்ச் 2 அன்று, மனுக்களை நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆற்றின் உபரி நீர்தான் ஆலைகளுக்குப் போகிறது என்பது அரசுத் தரப்பின் வாதம். பூங்காவில் மற்ற ஆலைகளும் நீர் பெறும்போது இந்த இரண்டை மட்டும் தடுக்க வேண்டிய காரணம் காட்டப்படவில்லை என்பது தீர்ப்பின் சாரம். தடை நீங்கியது.

தீர்ப்பு வந்த நாளில் இந்த மாவட்டத்தில் பலரும் கசந்துபோனார்கள். அந்தக் கசப்பு எனக்கும் உண்டு. ஆனால் வழக்கில் நம் பக்கம் வைத்த வாதம் பலவீனமானது என்பதை ஒப்புக்கொண்டுதான் மேலே பேச வேண்டும். “கோக் நம் ஆற்றைக் குடித்துவிடும்” என்று மேடைகளில் முழங்கினோம். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. போராட்டக் காலத்தில் அதிகம் அடிபட்ட அளவு நாளொன்றுக்கு 9 லட்சம் லிட்டர். ஆண்டுக்கு அது சுமார் 33 கோடி லிட்டர். ஒரு டி.எம்.சி. என்பது 2,832 கோடி லிட்டர். ஆக, அந்த ஆலை ஆண்டு முழுதும் எடுப்பது ஒரு டி.எம்.சி.யில் 86இல் ஒரு பங்கு. பாபநாசம் அணையின் கொள்ளளவு ஐந்தரை டி.எம்.சி. வருண் நிறுவனம் 2024இல் எல்லா நாடுகளிலும் சேர்த்து விற்ற 112.4 கோடிப் பெட்டிப் பானத்தை, பெட்டிக்கு 5.68 லிட்டர் வீதம் ஒன்றாக ஊற்றினாலும் கால் டி.எம்.சி. வராது. இன்னொரு பக்கம், திருவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்காகப் போடப்பட்ட 20 எம்.ஜி.டி. திட்டத்தின் அளவு நாளுக்கு 9 கோடி லிட்டர். நாம் கொதித்தெழுந்த அளவைப்போல நூறு மடங்கு. அதைப்பற்றித் திருவைகுண்டம் விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் கத்தினார்கள். நெல்லை நகரத்தில் அதற்குப் பாதிச் சத்தம்கூட எழவில்லை. கோக், பெப்சி என்ற பெயர்கள் தெரிந்த பெயர்கள், அதனால் கோபமும் அங்கே போய்க் குவிந்தது.

அப்படியானால் குளிர்பான ஆலைகள்மேல் குறையே இல்லையா? இருக்கிறது. அது அளவில் இல்லை. விலையிலும் காலத்திலும் இருக்கிறது.

முதலில் விலை. வழக்கின்போது பேசப்பட்ட விலை 1,000 லிட்டருக்கு 37 ரூபாய் 50 காசு. லிட்டருக்கு மூன்றே முக்கால் காசு. இந்த நீர் ஆலைக்குள் போன பிறகு என்ன ஆகிறது என்று பார்ப்போம். மணல் வடிகட்டி, கரி வடிகட்டி தாண்டி ஆர்.ஓ. சவ்வுக்குப் போகிறது. அங்கே ஒரு பகுதி உப்பு மிகுந்த கழிவுநீராக ஒதுங்குகிறது. மிச்சத்தில் சர்க்கரைப் பாகும் சாறும் சேர்ந்து, குளிர்ந்து, கரியமில வாயு ஏறி, பாட்டிலுக்கு வருகிறது. திரும்பி வந்த கண்ணாடி பாட்டிலாக இருந்தால், சூடான காஸ்டிக் சோடாக் குளியலும் பலமுறை அலசலும் உண்டு. பிளாஸ்டிக் பாட்டிலுக்கு ஒரு அலசல் போதும். கண்ணாடி பாட்டில் குறைந்து பிளாஸ்டிக் பெருகியதால் ஆலைக்குள் நீர்ச்செலவு குறைந்தது. குப்பை ஓடைகளுக்கு வந்தது. குழாய்களையும் தொட்டிகளையும் சுவை மாற்றும்போதெல்லாம் கழுவ வேண்டும். குளிரூட்டும் கோபுரத்தில் ஆவியாகப் போவது தனி. இவ்வளவும் சேர்த்துத்தான் ஒரு லிட்டர் பானத்துக்கு எத்தனை லிட்டர் நீர் என்று கணக்கிடுகிறார்கள். கோக்கோ கோலா உலக அளவில் அறிவித்த அளவு 2004இல் 2.7 லிட்டர், அண்மை ஆண்டுகளில் 1.8 லிட்டருக்குச் சற்றுக் கீழே. இது நல்ல முன்னேற்றம், மறுக்க வேண்டியதில்லை.

லிட்டருக்கு 1.8 லிட்டர் நீர் என்றே வைத்து, கங்கைகொண்டான் விலையால் பெருக்கினால் 7 காசுக்கும் குறைவு. வருண் நிறுவனத்தின் 2024 கணக்குப்படி ஒரு லிட்டர் பானத்துக்கு அதன் கைக்கு வந்த தொகை, வரி நீங்கலாக, சுமார் 31 ரூபாய். நிறுவனங்கள் வேறு வேறு, ஆலைகள் வேறு வேறு. ஆனாலும் இந்தத் தொழிலில் நீருக்கு என்ன மதிப்பு என்பதைக் காட்ட இது போதும். சர்க்கரை விலை ஏறினால் லாபம் குறைந்தது என்று ஆண்டறிக்கை சொல்லும். பிளாஸ்டிக் குருணை விலை இறங்கினால் லாபம் கூடியது என்று சொல்லும். நீரின் விலை இரட்டிப்பானாலும் ஆண்டறிக்கையில் ஒரு வரிகூட மாறாது. ஒரு மூலப்பொருளின் விலை கணக்கில் தெரியாத அளவுக்குச் சிறியதாக இருந்தால், அதைச் சிக்கனப்படுத்தும் எண்ணம் நிறுவனத்தின் நல்ல மனத்தைப் பொறுத்தே நிற்கும். அரசுக்கு இதில் வருமானமே இல்லை என்று சொல்லமாட்டேன். கார்பன் ஏற்றிய குளிர்பானங்களுக்கு 2017 முதல் ஜி.எஸ்.டி.யும் கூடுதல் வரியுமாக 40 விழுக்காடு. 2025 செப்டம்பர் 22 முதல் நேராகவே 40 விழுக்காடு. ஆனால் அந்தப் பணம் டெல்லிக்கும் சென்னைக்கும் போகிறது. ஆற்றங்கரைக்கு வருவது அந்த மூன்றே முக்கால் காசு.

இதைவிடப் பெரிய விஷயம் காலம். வருண் நிறுவனத்தின் 2024 கணக்கைக் காலாண்டு வாரியாகப் பிரித்தால், ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மூன்று மாதத்தில் மட்டும் 7,197 கோடி வருவாய். ஆண்டு வருவாயில் 36 விழுக்காடு. லாபத்தில் 1,262 கோடி, அதாவது ஆண்டு லாபத்தில் ஏறக்குறைய பாதி. குளிர்பானத் தொழிலே கோடைத் தொழில். வெயில் கொளுத்தும் வாரங்களில் ஆலை இரவு பகலாக ஓட வேண்டும்.

அதே மூன்று மாதங்கள் தாமிரபரணிக்கு என்ன மாதங்கள்? மார்ச்சில் பிசான அறுவடை முடியும். அணைகளில் நீர் இறங்கத் தொடங்கும். ஏப்ரலில் அட்வான்ஸ் கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறக்கச் சொல்லி விவசாயிகள் ஆட்சியரிடம் மனுக் கொடுப்பார்கள். இருப்பைப் பார்த்துவிட்டு, குடிநீருக்கே போதாது என்று அதிகாரிகள் கை விரிக்கும் ஆண்டுகள் உண்டு. ஜூன் 1 அன்று கார் பருவத்துக்குத் திறக்க வேண்டும். அதுவும் தென்மேற்குப் பருவமழை பொதிகையில் எப்போது இறங்கும் என்பதைப் பொறுத்தது. கோடைமேலழகியான் முதல் திருவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள், 86,107 ஏக்கர் பாசனம், நெல்லை, தூத்துக்குடி என இரு மாவட்டங்களின் கூட்டுக்குடிநீர்த் திட்டங்கள், இன்னும் வடக்கே விருதுநகர் வரை கேட்கும் குரல்கள்: இவை எல்லாமும் அணையின் அடிநீரைப் பங்கிட்டுக்கொள்வது இந்த மூன்று மாதத்தில்தான். மே மாதத்தில் சுத்தமல்லி அணைக்கட்டுக்குக் கீழே போய் நின்று பாருங்கள். பாறைகளுக்கிடையே ஓடும் கால்வாசி ஆறும், அதை மூடிய அமலைச்செடியும், நகரத்தின் சாக்கடை கலந்த கறுத்த நீரும் தெரியும். நிறுவனத்துக்கு லாபத்தில் பாதியைத் தரும் மாதங்கள் ஆற்றுக்கு உயிர் ஊசலாடும் மாதங்கள்.

“உபரி நீர்தானே” என்ற அரசின் வாதம் இங்கே வந்து உடைகிறது. தாமிரபரணி, கருமேனியாறு, நம்பியாறு இணைப்புத் திட்டத்துக்காக அரசே போட்ட கணக்கின்படி ஆண்டுக்குச் சராசரியாக 13 டி.எம்.சி.க்கு மேல் நீர் புன்னைக்காயல் வழியாகக் கடலுக்குப் போகிறது. அது உண்மை. ஆனால் அந்த நீர் போவது நவம்பரிலும் டிசம்பரிலும். 2023 டிசம்பர் 17, 18 ஆகிய இரண்டு நாளில் போனது எவ்வளவு என்று திருவைகுண்டத்துக்காரர்களைக் கேட்டால் கண்ணீரோடு சொல்வார்கள். வெள்ளத்தில் போகும் நீரைச் சராசரியில் சேர்த்து, அந்தச் சராசரியைக் காட்டி மே மாதத்தில் குழாய் திறப்பது கணக்கில் சரியாக இருக்கலாம், ஆற்றில் சரியாக இல்லை. அந்த 9 லட்சம் லிட்டரை டிசம்பரில் எடுத்துப் பூங்காவுக்குள்ளேயே குளம் வெட்டித் தேக்கிவைத்து மே மாதத்தில் பயன்படுத்தினால் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. நீதிமன்றத்தில் கேட்டிருக்க வேண்டியது அதைத்தான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

மழைக்கும் இந்தத் தொழிலுக்கும் உள்ள உறவை 2025ஆம் ஆண்டு இன்னும் தெளிவாகக் காட்டியது. அந்த ஆண்டு நாடெங்கும் கோடைமழை முன்கூட்டியே பெய்தது. பருவமழையும் சீக்கிரம் தொடங்கியது. ஏப்ரல்-ஜூன் காலாண்டில் வருணின் இந்திய விற்பனை 7 விழுக்காடு சரிந்தது. காலமல்லாக் காலத்தில் பெய்த மழையே காரணம் என்று நிறுவனம் அறிவித்தது. அந்தச் சரிவை ஓரளவு தாங்கிப் பிடித்தது வெளிநாட்டு வளர்ச்சி.

நிறுவனம் ஏன் நாடு நாடாகப் போகிறது என்பதற்கான விடையும் இதில் பாதி இருக்கிறது. நேபாளம், இலங்கை, மொராக்கோ, ஜாம்பியா, ஜிம்பாப்வே என்று ஏற்கெனவே காலூன்றியிருந்த வருண், 2024 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவின் பெவ்கோ நிறுவனத்தை வாங்கியது. அதனோடு லெசோத்தோ, எஸ்வாட்டினி சந்தைகளும் வந்தன. காங்கோ ஜனநாயகக் குடியரசில் புதிதாக ஆலை கட்டியது. அந்த ஆண்டு நவம்பரில் பங்கு விற்று 7,500 கோடி ரூபாய் திரட்டியது. 2024இன் விற்பனை வளர்ச்சியில் பெரும்பகுதி இந்த ஆப்பிரிக்க வரவு. சந்தை இதை விரிவாக்கம் என்று கொண்டாடுகிறது, கொண்டாடட்டும். எனக்கு இதில் தெரிவது பருவக்கணக்கு. தென்னாப்பிரிக்காவில் கோடை டிசம்பரில் வரும். நமக்கு மழை பெய்து விற்பனை படுக்கும் மாதங்களில் அங்கே வெயில் அடிக்கும். ஒரு நாட்டின் மழை கெடுத்ததை இன்னொரு நாட்டின் வெயில் ஈடுகட்டும். விதைப்பை இரண்டு வயலில் பிரித்துப் போடும் விவசாயியின் புத்திதான் இது. ஆனால் விவசாயிக்கு அந்த இரண்டாவது வயலும் இதே ஆற்றுப் பாசனத்தில்தான் இருக்கிறது.

2025 அக்டோபரில் இன்னும் ஓர் அறிவிப்பு வந்தது. ஆப்பிரிக்காவில் சில நாடுகளில் கார்ல்ஸ்பெர்க் பீரைச் சோதனை முறையில் விற்க, டென்மார்க்கின் அந்த நிறுவனத்தோடு வருண் ஒப்பந்தம் செய்திருக்கிறது. இப்போதைக்கு விற்பனை மட்டும்தான். ஆனால் குளிர்பானம் விற்கும் வண்டியும் குளிர்பெட்டியும் கடைத் தொடர்பும் பீருக்கும் உதவும் என்பதால் உலகெங்கும் இந்த இரு தொழில்களும் ஒன்றையொன்று தேடிப் போகின்றன. நீர்க்கணக்கில் பீர் இன்னும் கனமானது. ஒரு லிட்டர் பீர் காய்ச்ச 3 லிட்டருக்கு முன்பின் நீர் ஆகும். பார்லி விளைவிக்கும் நீர் அதில் சேராது. இந்தப் பாதையில் நாளை யார் எங்கே ஆலை கட்டினாலும் அந்த ஊர் மக்கள் கேட்க வேண்டிய கேள்விகள் நாம் கேட்கத் தவறிய இதே கேள்விகள்தான்.

2017இல் வணிகர்கள் கோக்கையும் பெப்சியையும் ஒதுக்கியபோது கடைகளில் அந்த இடத்தை நிரப்பியவற்றில் முதன்மையானது பொவண்டோ. 1916இல் விருதுநகரில் பழனியப்ப நாடார் தொடங்கிய காளிமார்க் நிறுவனத்தின் பானம். அதைக் குடித்து வளர்ந்த தலைமுறைக்கு அது பெருமிதமான மாதம், எனக்கும்தான். ஆனால் உள்ளூர்ப் பானத்துக்கும் நீர் வேண்டும், அதற்கும் கோடைதான் பருவம். யார் முதலாளி என்று ஆற்றுக்குத் தெரியாது. புறக்கணிப்பு சில மாதத்தில் நீர்த்துப்போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு: கோரிக்கை நிறுவனத்தின் பெயரில் தொங்கியது, நீரின் விதியில் ஊன்றவில்லை.

கேரளத்தின் பிளாச்சிமடையோடு ஒப்பிட்டால் நம் நிலை இன்னும் விளங்கும். அங்கே 2000இல் தொடங்கிய கோக் ஆலை நிலத்தடி நீரை எடுத்தது. கிணறுகள் கெட்டன. பெருமாட்டி ஊராட்சி 2003இல் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது, பிறகு திறக்கவில்லை. அங்கே ஊராட்சியின் கையில் ஒரு பிடி இருந்தது. கங்கைகொண்டானில் நிலம் சிப்காட்டுடையது, குழாயும் சிப்காட்டுடையது, ஆறு பொதுப்பணித் துறை வழிவந்த நீர்வளத் துறையுடையது. ஆற்றங்கரை ஊராட்சிகளுக்கோ கால்வாய்ப் பாசன விவசாயிகளுக்கோ இந்த ஏற்பாட்டில் கேட்கும் இடமே கிடையாது. எஞ்சியது நீதிமன்றம் ஒன்றுதான். அங்கே போனால் ஆதாரக் கணக்கு எங்கே என்பார்கள். அந்தக் கணக்கு அரசு அலுவலகக் கோப்பில் இருக்கும்.

இதை மாற்றப் புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை. பட்டியலிட்ட முதல் 1,000 நிறுவனங்கள் தாங்கள் எடுத்த நீரை ஆற்றுநீர், நிலத்தடி நீர், பிறர் தந்த நீர் என்று பிரித்து ஆண்டுதோறும் அறிவிக்க வேண்டும் என்று செபி 2022-23 முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆனால் அது நிறுவனம் முழுமைக்குமான மொத்தக் கணக்கு. எந்த ஆற்றில் எவ்வளவு என்பது அதில் தெரியாது. பட்டியலிடாத பாட்டிலிங் கம்பெனிகளுக்கு அந்தக் கட்டாயமும் இல்லை. அந்த இடைவெளியைச் சிப்காட் ஒன்றே நிரப்பிவிடலாம். ஒவ்வொரு இணைப்பிலும் மீட்டர் இருக்கிறது, மாதாமாதம் பில் போகிறது. ஆலை வாரியாக, மாத வாரியாக எடுத்த நீரையும் வாங்கிய விலையையும், அதே நாளில் பாபநாசம், மணிமுத்தாறு அணைகளின் நீர்மட்டத்தையும் ஒரே பக்கத்தில் போட்டு, ஆண்டுதோறும் பிப்ரவரியில், நிறுவனங்கள் தங்கள் லாபக்கணக்கை வெளியிடும் அதே மாதத்தில், திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் வெளியிட வேண்டும். ஏப்ரல் முதல் ஜூன் வரை நீர் விலையை உயர்த்தி, அணை இருப்பு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் தொழிற்சாலை வழங்கலைப் படிப்படியாகக் குறைக்கும் விதியையும் அதே பக்கத்தில் அச்சிட வேண்டும். மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குப் போகும் ஒவ்வொருவரும் அடுத்த கூட்டத்தில் இந்த ஒரு பக்கத்தைக் கேட்டு மனுக் கொடுங்கள்.